பதினாலாம் நம்பர் வட்டம்

"எரநூறு பேர் முன்னாடி பொண்ணு விரல்ல தேங்காயெண்ணெயத் தடவிண்டு நின்னோம் ஐயா! தேங்காயெண்ணெய்!"

அரவிந்தவல்லி மாமியின் குரல் ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் மூன்று கடை தாண்டிக் கேட்டது. பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் கல்லாவைப் பூட்டாமலேயே வாசலுக்கு வந்துவிட்டார். முந்தைய நாள்தான் மாமியின் மகன் வெங்கட்ரமணனுக்கும் ஸுப்ரஜாவுக்கும் நிச்சயதார்த்தம். மோதிரம் பெண்ணின் விரல் கணுவரை போய், அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. "எங்காத்துப் பொண்ணு விரல் தடியா இருக்குன்னு சொல்றேளா?" என்று பெண்ணின் அத்தை கேட்டாளாம். கேட்பாள்தானே. அத்தைகள் முன்வரிசையில் உட்காருவது வேறு எதற்கு?

நகைக்கடை முதலாளி நயினார் கைகளைப் பிசைந்தார். "நம்ம டிசைன் பொண்ணு அளவத் தப்பாப் போட்டுடுச்சு மாமி. இன்னா தங்கமாரி, பாத்துகினு நிக்கிறியே? மன்னிப்புக் கேளு."

அந்த டிசைன் பொண்ணுதான் தங்கமாரி. சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து, செல்போன் கம்பெனியில் பாகம் பொருத்தும் லைனில் இரண்டு வருடம் நின்றவள். ஓவர்டைம் பார்த்த காசில் மறைமலை நகரில் மோதிரம் வரையும் சாஃப்ட்வேர் படித்தாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை வாழ்க்கையில் இது ஒன்றுதான். அளவு தெரியாதவள் என்று பெயர் வந்தால் மறுபடி லைன்தான். பஜாரில் இதே வேலை இருக்கும் இன்னொரு கடை நயினாரின் மச்சானுடையது.

அவளா அளவு தெரியாதவள்? ஸுப்ரஜாவே நேரில் வந்து அளவு வளையங்களைப் போட்டுப் பார்த்து, பதினாலு என்று எழுதிக் கொடுத்திருந்தாள். பதினாலு என்றால் உள்சுற்று ஐம்பத்து நாலு மில்லிமீட்டர், குறுக்களவு பதினேழு சொச்சம். அந்த வட்டத்தைத்தான் தங்கமாரி முதலில் வரைவாள். யார் கை பட்டாலும் நகராதபடி பூட்டுவாள். பிறகுதான் அதற்கு வெளியே தங்கத்தைக் கட்டுவாள். நிச்சயத்துக்கு முந்தின வாரம் சனிக்கிழமை, திரையில் எடை நாலரை கிராமுக்கு மேல் காட்டியது. மாமி கேட்டதோ நாலு. பட்டையை மெலிதாக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றாள். "நீ போ, நான் பாத்துக்கறேன்," என்றார் நயினார். அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று, திரையில் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்து மொத்தமாகச் சுருக்குவது.

மன்னிப்பு வரவில்லை. கம்ப்யூட்டர் திரைதான் மாமி பக்கம் திரும்பியது.

"இங்க பாருங்க மாமி. இந்தச் செவப்புக் கோடு நான் போட்ட பதினாலு. மோதிரத்துக்கு உள்பக்கம் ஒட்டி நிக்கணும். இப்ப எங்க நிக்கி?"

சிவப்பு வட்டம் தங்கப் பட்டையின் நடுவில் புதைந்து கிடந்தது.

"கோட்டைப் பூட்டியிருந்தேன், நகரல. மோதிரத்தை மட்டும் சுருக்கியிருக்காவ. எடையும் கொறஞ்சிட்டு, ஓட்டையும் கொறஞ்சிட்டு."

"யாரு சுருக்கினா?"

"நான் போனப்பொறவு இந்த நாற்காலில உக்காந்தவுகளக் கேளுங்க."

நயினார் வெடித்தார். "நாலு கிராமுக்கு மேல ஒரு பொட்டு கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு? நான் இன்னா பண்றது?"

மாமி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து தங்கமாரியைப் பார்த்தார்கள்.

"பொண்ணா லட்சணமா இருக்கா? என்ன வாய்!"

"அதான் மாமி நானும் சொல்றேன். வேல கத்துகிச்சு, மரியாத கத்துக்கல."

தங்கமாரி பையைத் தோளில் மாட்டினாள். "மோதிரம் நுழையலன்னா அந்தப் பொம்பளப்பிள்ள விரலச் செதுக்கச் சொல்லுவிய போல. என் வட்டம் சரி. அத மட்டும் இந்தப் பஜார்ல சொல்லிட்டு, பொறவு என்னை வேலய விட்டுத் தூக்குங்க."

நயினார் சொல்லவில்லை. பாத்திரக் கடைக்காரர் சொல்லித் தீர்த்தார், அது வேறு.

வேறு மோதிரம் போட்டு, தை மாதம் கல்யாணம் நடந்தது. மறுமாதமே வெங்கட்ரமணனும் ஸுப்ரஜாவும் புனேக்குப் போய்விட்டார்கள். மாமியைக் கூப்பிட்டார்களா என்று யாரும் மாமியிடம் கேட்பதில்லை. நயினார் கடையில் இப்போது அவர் அக்காள் பையன் மூலையைப் பிடித்து இழுக்கிறான். தங்கமாரி கோயம்புத்தூர் நகைப் பட்டறை ஒன்றில் சேர்ந்துவிட்டதாக, அவளோடு ஹாஸ்டலில் இருந்த உலகம்மாள் சொல்கிறாள். கல்யாணப் பேச்செடுத்தால் போனை வைத்துவிடுகிறாளாம். வரையும்போது அறைக்கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறாளாம். முதலாளியே ஆனாலும் வெளியே நின்று தட்ட வேண்டியதுதான். கதவு உடனே திறப்பதில்லை.