எனக்கும் கொஞ்சம் நீட்டுங்க டாக்டர்

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே வருடத்தில்தான் எடை குறைப்பதற்கான இரைப்பை ஆபரேஷன் நடந்தது, மருத்துவமனைதான் வேறு. எனக்கு எடை ஓரளவு இறங்கி நின்றுவிட்டது. அவளுக்கோ இறங்கிக்கொண்டே போனது. நான் தையற்காரி. "இதுவும் தொளதொளன்னு ஆயிடுச்சுக்கா" என்று உடைகளைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி வந்து நிற்பாள். பக்கம் பிடித்துத் தைத்துக் கொடுப்பேன். எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். வயிற்றைச் சின்னதாக்கியும் அது மட்டும் குறையவில்லை.

போதாக்குறைக்கு மாமியார் வேறு. "சின்னவளைப் பாரு! நீயும் அதே ஆபரேஷன்தானே பண்ணிக்கிட்டே?"

இன்னொரு தரம் அறுத்தாவது இளைத்துவிடுவது என்று என் டாக்டரிடம் கிளம்பினேன். அழைக்காமலே அவளும் தொற்றிக்கொண்டாள். பெருமையடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

அவளுக்கு மட்டும் எப்படி இறங்குகிறது என்று டாக்டரிடம் முறையிட்டேன். அவர் அவளுடைய விவரம் கேட்டதும், அவள் தன் ஆபரேஷன் குறிப்பைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அதை எதற்குக் கொண்டுவந்தாள் என்று எனக்கு உறைக்கவில்லை.

"இரைப்பை ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான்," என்றார் டாக்டர். "சாப்பாடு போகாம ஒதுக்கி விட்ட குடல்தான் வித்தியாசம். உங்களுக்குக் கொஞ்சம், அவங்களுக்கு ரொம்ப நீளம்."

"அப்ப எனக்கும் கொஞ்சம் நீட்டுங்க டாக்டர்."

"எடை இன்னும் இறங்கலாம். ஆனா கொழுப்பு மட்டும் தனியாப் போகாது. புரதம், இரும்பு, வைட்டமின் எதுவும் உடம்புல சரியா ஒட்டாது."

"மாத்திரை போட்டுக்கறேன். இவ போடலையா? நல்லாத்தானே இருக்கா!"

அவள் உடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். இரண்டு காலும் வீங்கியிருந்தன. டாக்டர் விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. "புரதம் குறைஞ்சதால கோத்த நீர்," என்றார். அவள் இடுப்பை அளந்து அளந்து பொருமினேனே தவிர, காலை நான் பார்த்ததே இல்லை.

"மாத்திரை ஒழுங்காத்தான் போடறேன் டாக்டர். வகுப்புல நின்னு பாடம் நடத்த முடியல. ஒதுக்கினதைக் கொஞ்சம் குறைச்சுத் தர முடியுமா?"

"முதல்ல சத்து ஏத்தி உடம்பைத் தேத்தணும். அப்புறம் குறைக்கலாம். எடை திரும்ப ஏறுமே, பரவாயில்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "இப்பதான்க்கா வீட்ல எல்லாரும் என்னை அழகா இருக்கேன்னு சொல்றாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ஏறட்டும் டாக்டர்," என்றேன். "வீட்ல நான் பேசிக்கறேன். எனக்கு ஆபரேஷன் ஒண்ணும் வேண்டாம். இவளை எப்ப சேர்க்கணும், சொல்லுங்க."