சாட்சிக் கூண்டில் மூன்று நிமிடம்

என் அக்கா புருஷனின் குரலுக்கு நாளொன்றுக்கு நான்காயிரம் என்று பேசி முடித்தோம். அவர் இறந்து அப்போது பத்தொன்பது நாள். குரல் கொடுக்க வந்த மிமிக்ரிக்காரர் ஐந்தாயிரத்தில் ஆரம்பித்தார். நான் மூன்றில் ஆரம்பித்தேன். நடுவில் வந்து நின்றோம். ஒரு தாழ்ப்பாளுக்குப் பேரம் பேசினால்கூட இன்னும் கொஞ்ச நேரம் இழுத்திருக்கும்.

தாழ்ப்பாள் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. அக்காவும் நானும் ஆணி மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள். மாமா அந்தக் கடைக்கு விற்பனையாளாக வந்தவர். வருகிறவர்களைச் சிரிக்கவைத்தே துருப்பிடித்த சரக்கைத் தள்ளிவிடுவார். கடைசியில் முதலாளி மகளைக் கட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனார். அப்பா மூன்று வருஷம் பேசவில்லை. மகள் போன வருத்தம் பாதி, நல்ல விற்பனையாள் போன வருத்தம் மீதி. முதல் படத்தில் மாமா ஒரு முக்காலியிலிருந்து நான்கு தடவை விழுந்தார். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அவர் பெயர் முக்காலி. அவருடைய கால்ஷீட்டைப் பார்த்துக்கொண்டது நான்: எந்த நாள் யாருக்கு, என்ன விலை, பணம் எப்போது. நூற்றுக்குப் பத்து எனக்கு.

மாமாவிடம் ஒரு பழக்கம் உண்டு. படப்பிடிப்பில் வசனம் பேச மாட்டார். எழுதிக் கொடுத்த காகிதத்தை மரியாதையாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கேமரா ஓட ஆரம்பித்ததும் அவர் வாயில் வருவது எங்கள் கடையின் சரக்குப் பட்டியல். ரெண்டு இஞ்சு ஆணி, மூணு இஞ்சு ஆணி, கொக்கி, கீல், வாஷர், தாழ்ப்பாள். இதையே கோபமாகச் சொல்வார், கெஞ்சிச் சொல்வார், கதாநாயகியின் தோழியைப் பார்த்துக் காதலாகவும் சொல்வார். உதடு அசைந்தால் போதும் என்பது கணக்கு. எதிரே நிற்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடிக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் நிற்கும் நாங்கள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் கழித்து டப்பிங் அறையில், திரையில் தன் உதட்டைத் தானே பார்த்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி அங்கேயே ஒரு நகைச்சுவையைப் பிறக்கவைப்பார். அப்படிப் பிறந்ததைத்தான் ஊர் இருபது வருஷமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. முன்கூட்டியே எழுதிவைக்கக் கூடாதா என்று ஒரு தடவை கேட்டேன். "ஜோக்கு ரெண்டாவது தடவை சொன்னா செய்தியா ஆயிடும்டா மச்சான்" என்றார்.

அவர் இறந்தபோது கையிருப்பில் மூன்று படங்கள். இரண்டுக்கு டப்பிங் முடிந்திருந்தது. அதில் ஒன்று ஒன்பதாம் நாளே திரைக்கு வந்துவிட்டது. இரண்டாவதில் அவருக்குப் பேருந்தில் சில்லறை கேட்டுச் சண்டை போடும் ஒன்றரை நிமிட வேஷம். உயிரோடு இருந்தபோது அவர் பெயரை விளக்குப் பிடிப்பவர்களுக்கு ஒரு வரி மேலே போட்ட அதே கம்பெனி, இப்போது சுவரொட்டியில் கதாநாயகன் முகத்தை எலுமிச்சம்பழமாகவும் மாமா முகத்தைப் பூசணிக்காயாகவும் அச்சடித்தது. மூன்றாவது ஒரு நீதிமன்றக் கதை. நடித்து முடித்துவிட்டார், பேசி முடிக்கவில்லை. அதில் சாட்சிக் கூண்டில் நின்று மூன்று நிமிடம் விடாமல் பேசுவார். உதடு இருக்கிறது, அதற்குள் என்ன ஜோக்கு வைத்திருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. வைத்திருந்தாரா என்பதும் தெரியாது.

அந்தப் படத்தின் நடுவில்தான், மாமாவைப் பரிசோதித்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார். பதினொரு நாள் வேலை பாக்கி இருந்தது. நீதிமன்ற செட்டுக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து, கொஞ்சம் ஓய்வு வேண்டுமாம், லேசான வேலை பார்க்கலாமாம் என்று அக்காவிடம் சொன்னேன். மாமாவிடமும் அதையேதான். நிற்கிற வேஷம்தானே, விழுகிற வேஷம் இல்லையே என்று எனக்கு நானே ஒரு தள்ளுபடி போட்டுக்கொண்டேன். பதினொரு நாளும் போனார். அடுத்த வாரம் போய்விட்டார்.

படப்பிடிப்பில் கரடுமுரடாகப் பதிவாகும் சத்தத்தைப் பைலட் டிராக் என்பார்கள். படத்தில் வராது, டப்பிங்கில் அளவு பார்க்க மட்டும். மிமிக்ரிக்காரருக்காக ஒலிப்பதிவாளர் சாட்சிக் கூண்டுக் காட்சியின் பைலட்டைப் போட்டார். மாமா வழக்கம்போல ஆணியில் ஆரம்பித்தார். கொக்கிக்கு வந்தார். கீலுக்கு வந்தார். அதே ஏற்ற இறக்கம், அதே கை வீச்சு. பிறகு பட்டியலில் இல்லாதது வந்தது. ஒலிப்பதிவாளர் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி போட்டார். மிமிக்ரிக்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். நான் அந்தப் பதிவை அழித்துவிடச் சொன்னேன்.

"அழிச்சுட்டு உதட்டுக்கு எதை வெச்சு அளக்கறது சார்?" என்றார் ஒலிப்பதிவாளர். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

வேறொருவர் குரல் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை என்று அக்கா கையெழுத்துப் போட்டால்தான் படம் வெளியே போகும். அவள் பைலட்டைக் கேட்கும் முன் அந்தக் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அந்த வாரம் முழுக்க என் பிழைப்பு. காகிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய், என்னிடம் எப்போதும் இருக்கும் சாவியால் திறந்து உள்ளே நுழைந்தேன். அக்கா மாமாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பைகளிலிருந்து எடுத்த வசனக் காகிதங்கள் பிரிக்கப்படாமல் ஒரு பக்கம் குவிந்திருந்தன. சின்ன வேலைதான், படித்துப்பார்க்க ஒன்றுமில்லை, பெயரை எழுதினால் போதும் என்று ஏதேதோ சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

"சரக்கைப் பார்க்காம கையெழுத்துப் போடச் சொல்றியே, நீ அப்பா பெத்த பிள்ளைதானா?" என்றாள். "அவர் அங்க பேசினது ஏதோ பதிவாயிருக்கும்ல? ஆணியோ கொக்கியோ, அவர் குரல்தானே. அதைக் கேட்டுட்டுப் போடறேன்."

மெஷின் பழுது என்றேன். பழுது பார்க்கும்வரை காத்திருப்பதாகச் சொன்னாள். சத்தம் தெளிவாக இல்லை என்றேன். இருபத்தாறு வருஷம் அவர் குறட்டையிலேயே அர்த்தம் கண்டுபிடித்தவள் தான் என்றாள். அப்பா கடையில் நான் என்றைக்கும் அவளிடம் ஜெயித்ததில்லை.

மறுநாள் டப்பிங் அறைக்கு வந்தாள். நீதிமன்றப் படக் கம்பெனியின் புரொடக்ஷன் மேனேஜர் ஒரு கூடைப் பழத்தோடு உட்கார்ந்திருந்தார். பழத்துக்கு அடியில் சம்மதக் காகிதம். முதலில் மிமிக்ரிக்காரர் தான் தயாரித்ததைப் பேசிக் காட்டினார். கெட்டிக்கார மனிதர். திரையில் மாமா கையை விரித்துக் கெஞ்ச, இவர் குரலில் மாமா சொன்னார்: "உண்மையைச் சொல்லிடுவேன் ஐயா, வீட்டுக்காரி கேட்டா யாரு பொறுப்பு?" உதடு அச்சு அசலாகப் பொருந்தியது. மேனேஜர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அக்காவும் லேசாகச் சிரித்தாள். நல்லா இருக்கு என்று மிமிக்ரிக்காரரிடம் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு, "இப்ப அவர் பேசினதைப் போடுங்க" என்றாள்.

ஒலிப்பதிவாளர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் போட்டார்.

"ரெண்டு இஞ்சு ஆணி. மூணு இஞ்சு ஆணி. கொக்கி. கீல். முடியலடா. வாஷர். நெஞ்சு அடைக்குதுடா மச்சான். சிரிக்காதீங்கடா, நிஜமா முடியல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா. தாழ்ப்பாள். ரெண்டு இஞ்சு ஆணி."

அதே ஏற்ற இறக்கத்தில்தான். கேமராவைக் கெடுக்காமல், கையை அளவாக வீசி, முகத்தில் சாட்சிக்காரனின் அசட்டுத்தனத்தோடு. வேலை என்று வந்துவிட்டால் மனிதர் அப்படி. பதிவின் அடியில் எங்கள் சிரிப்பு கேட்டது. கைக்குட்டைக்குள் அமுங்கிய சிரிப்பு.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"அன்னிக்கு நீ எங்க நின்ன?"

"கேமராவுக்குப் பக்கத்துல."

"என்ன பண்ணிட்டிருந்த?"

"சிரிச்சுட்டு இருந்தேன்க்கா. எல்லாரும் சிரிச்சோம். அவர் எப்பவும் போலத்தான்னு..."

"டாக்டர் என்ன சொன்னாரு? எங்கிட்ட சொன்னது இல்ல. உங்கிட்ட சொன்னது."

பொய் சொல்ல வாய் திறந்தேன். என் தொழிலில் அது தானாகத் திறக்கும். ஆனால் எதிரே இருந்தவள் எடை போடத் தெரிந்தவள். ஆறு வாரம் என்று சொன்னேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், விலை கேட்டுக்கொண்ட மாதிரி. பிறகு மேனேஜரிடம் திரும்பி எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்டாள். அவர் இரண்டு லட்சம் என்றார். மாமாவின் மீது கம்பெனி வைத்திருந்த பாசத்தையும் சேர்த்துச் சொன்னார். பாசத்தைக் கழித்துவிட்டு ரொக்கத்தை மட்டும் பேசச் சொன்னாள் அக்கா. தேதி அறிவித்தாகிவிட்டது, சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது, இந்த மூன்று நிமிடத்தை வெட்டினால் படத்தில் மிச்சம் இருப்பது நீதிபதியின் மேசை மட்டும்தான் என்றாள். ஐந்து லட்சம் வேண்டும், பைலட் பதிவும் வேண்டும், பிரதி எதுவும் வெளியே இருக்கக் கூடாது. மேனேஜர் மூன்று என்றார். அவள் ஐந்து என்றாள். மூன்றரை என்றார். அவள் பழக்கூடையைத் தள்ளிவைத்தாள். மேனேஜர் எனக்குச் சாடை காட்டினார், இரண்டு பக்கமும் பேசிக் குறைக்கிற ஆள் நான் என்ற நினைப்பில். நான் கூடையில் இருந்த பழத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறுவதற்கு வைத்த தேநீர் ஆறுவதற்குள் அவர் ஐந்துக்கு வந்துவிட்டார்.

கையெழுத்துப் போடும்போது நான் மெதுவாக, வேண்டாம் என்றால் விட்டுவிடலாமே என்றேன். இந்த நல்ல புத்தி எனக்கு எங்கிருந்து, எவ்வளவு தாமதமாக வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"அவர் அந்த வேலையைச் செஞ்சிருக்காரு" என்றாள், காகிதத்திலிருந்து தலையை எடுக்காமல். "செஞ்ச வேலைக்குக் கூலியை விட்டுட்டு வர நான் யாரு?"

படம் வெளியானது. மூன்றாம் நாள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். சாட்சிக் கூண்டு வந்ததும் கொட்டகை எழுந்து கைதட்டியது. வீட்டுக்காரி வசனத்துக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் தன் மனைவியைத் தோளால் இடித்து அதைத் திருப்பிச் சொன்னார். "சாகப்போற நேரத்துலயும் என்னமா சிரிக்க வெச்சிருக்கான் பாரு" என்றாள் அந்த அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. நான் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இப்போது அதைப் படிக்கத் தெரிந்திருந்தது.

மறு வாரம் அக்கா கூப்பிட்டனுப்பினாள். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். கடைக்கு வரும் வெளியூர் ஏஜண்டை அப்பா உட்காரவைக்கும் மரியாதை. பிறந்ததிலிருந்து என்னை டேய் என்று கூப்பிட்டவள், அன்று உட்காருங்க என்றாள். பணத்தை உறையில் போட்டு, அதன்மேல் ஒரு காகிதத்தை வைத்து என் பக்கம் நகர்த்தினாள். எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம்க்கா என்றேன். எண்ணும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். எண்ணினேன், சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன். காகிதத்தில் அவளுடைய வட்டமான கையெழுத்தில் இருந்தது இது:

பதினொரு நாள் கால்ஷீட், நாள் ஒன்றுக்கு 40,000, நூற்றுக்குப் பத்து: 44,000.
சம்மதக் கடிதம், 5,00,000, நூற்றுக்குப் பத்து: 50,000.
டாக்டருக்கு நீங்கள் கைக்காசு கொடுத்தது: 600.
ஆக 94,600.
ஏற்கெனவே முன்பணமாக வாங்கியது கழிவு: 20,000.
இப்போது கொடுத்தது: 74,600.
வீட்டுச் சாவி ஒன்று, திரும்பப் பெற்றுக்கொண்டேன்.
பாக்கி இல்லை.