பழைய தாள் பந்தயம்

பந்தயத்துக்கு மூன்றே விதிகள். புதிதாக ஒரு தாள்கூட வாங்கக் கூடாது, வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பழசைத்தான் தீர்க்க வேண்டும். வெட்டியதை ஒட்டாமல் விடக் கூடாது. நான்காவது சனிக்கிழமை பெட்டியை எல்லார் முன்னாலும் கவிழ்க்க வேண்டும், ஒரு துணுக்கு விழுந்தாலும் ஆட்டத்திலிருந்து விலக வேண்டியதுதான்.

விதிகளை எழுதியவள் அக்கா. வாழ்த்து அட்டை செய்கிற அந்த ஏழு பெண்களும் பூப்போட்ட தாள், தங்க விளிம்புத் தாள் என்று அலமாரி வழிய வாங்கிக் குவித்துவிட்டு, வெட்ட மனசு வராமல் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவள்தான் கேட்டாளாம், நாம போகும்போது இதெல்லாம் கூடவே வருமா என்று. போன மழைக்காலத்தில் அவளே போய்விட்டாள். தாள் அவளோடு போகவில்லை. அத்தான் அதை ஒரு பெரிய பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, தங்கை வீட்டு ஜன்னல் அறையில் இறக்கிவிட்டுப் போனார். மேலாக அக்காவின் கத்தரிக்கோல் இருந்தது. இடது கைக்காரர்களுக்கென்று செய்தது.

தங்கை பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். தனியாள். கத்தரிக்கோல் பிடித்து ஒரு வட்டம் ஒழுங்காக வெட்டத் தெரியாது. ஆனாலும் பந்தயத்தை நடத்தும் ஓய்வுபெற்ற ஓவிய டீச்சர் கூப்பிட்டபோது மறுக்க முடியவில்லை. அக்கா பெட்டியை வேறு யாரோ தீர்ப்பதை அவள் விரும்பவில்லை.

முதல் சனிக்கிழமை அவள் வெட்டிய பூவைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்களில் ஒருத்தியான மருந்துக்கடைக்காரி, "இது பூவா, இல்ல நீங்க பிடுங்கின பல்லா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்துவைத்தாள்.

திங்கட்கிழமை மதியம் வேலை முடிந்து வந்து பூட்டைத் திறந்தாள். ஜன்னல் அறை மேஜையில் பன்னிரண்டு இலைகள் இருந்தன. பச்சைத் தாளில் வெட்டியவை. பெரிதிலிருந்து சிறிதுவரை வரிசையாக அடுக்கியிருந்தது. நுனிகளைக் கூராக விடாமல் உருட்டியிருந்தது. அக்கா அப்படித்தான் வெட்டுவாள், கூராக இருந்தால் கண்ணைக் குத்துகிற மாதிரி இருக்கிறது என்பாள். பக்கத்தில் இடது கைக் கத்தரிக்கோல் வாயைத் திறந்தபடி கிடந்தது. தங்கை அதை எடுத்து ஒரு தாளை வெட்டிப் பார்த்தாள். வலது கையில் அது வெட்டவில்லை, தாளை மடித்து மென்றது.

பின்கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. வீட்டுச் சாவி வேறு யாரிடமும் இல்லை. ஆனாலும் ஓடவில்லை. பசையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, இலைகளை ஒட்டத் தொடங்கினாள். வெட்டியதை ஒட்டாமல் விடக் கூடாது அல்லவா.

அதன் பிறகு தினமும் வேலை நடந்தது. காலையில் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டுப் போவாள். மதியம் வந்தால் பறவை, ஜன்னல், படிக்கட்டு என்று துண்டுகள் தயாராக இருக்கும். லீவு நாளில் அவள் பாத்திரம் தேய்க்கும்போதே உள்ளே சரக் சரக்கென்று கேட்கும். எட்டிப் பார்த்தால் நின்றுவிடும். அதனால் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். இரண்டு பேருக்குக் காப்பி போட்டுவிட்டு, ஒன்றைத் தானே ஆறவைத்துக் குடித்தாள். அக்கா போன பிறகு அந்த வீட்டில் அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது அந்த இரண்டு வாரம்தான்.

இரண்டாவது சனிக்கிழமை அவளுடைய அட்டைகள் கை மாறி மாறிப் போயின. மருந்துக்கடைக்காரியே வாயடைத்துப்போய், அக்கா கை அப்படியே வந்துவிட்டது என்றாள். டீச்சர் மட்டும் ஒரு இலையின் விளிம்பை மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நீ வலது கைதானேம்மா?"

தங்கை தலையாட்டினாள். டீச்சர் அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

மூன்றாவது வாரம் பெட்டியின் அடி தெரிய ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. தாள் தீர்ந்தால்? அன்றைக்கே கடைக்குப் போய், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஒரு கட்டு புதுத்தாள் வாங்கினாள். பிரித்துப் பெட்டிக்குள் போட்டாள். பந்தயத்தில் இதைவிடப் பெரிய திருட்டு கிடையாது.

மறுநாள் அந்தக் கட்டு தரையில் கிடந்தது. ஒரு தாள்கூடக் கசங்கவில்லை. மேஜையில் இருந்த துண்டுகள் வேறு எதிலிருந்தோ வந்திருந்தன. தங்கையின் பழைய டைரி. அதற்கடுத்த நாள் அவளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ் இதழ் இதழாகக் கிடந்தது. அதற்கடுத்த நாள், எப்போதோ அவளுக்கு ஒருவர் எழுதி, அவள் பதில் போடாமலே வைத்திருந்த கடிதம்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அக்கா தன் விதியை மீறவில்லை. புதுசைத் தொடமாட்டாள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழசு எல்லாம் அவள் கணக்கில் தீர்க்க வேண்டியதுதான்.

இழுப்பறைகளைப் பூட்ட எழுந்தாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொன்றையும் இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

கடைசி வெள்ளிக்கிழமை மேஜையில் ஒரு போட்டோ. சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே துணியில் தைத்த கவுன் போட்டு, ஸ்டூடியோவில் நின்று எடுத்தது. அக்கா நின்றாள். அவள் அணைத்திருந்த இடத்தில் ஆள் வடிவத்தில் ஓட்டை. தங்கையைத் தனியாக வெட்டி எடுத்து, முதுகில் ஒட்டும் டேப் போட்டுப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தது. காதோரம் பறந்த ஒற்றை முடியைக்கூட விடாமல் சுற்றி வெட்டியிருந்தாள்.

உள்ளங்கையில் தன்னையே வைத்துக்கொண்டு தங்கை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்தத் துண்டை அது வந்த ஓட்டையிலேயே பொருத்தப் பார்த்தாள். பொருந்தவில்லை. அக்காவின் கை முன்பைவிட உள்ளே மடங்கியிருந்தது. கடைசியில் துண்டை அந்தக் கையின் மேலேயே வைத்து அழுத்தி ஒட்டினாள்.

சனிக்கிழமை பெட்டியைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. ஏழு பேரில் முழுதாகத் தீர்த்தது அவள் ஒருத்திதான், எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சர் மட்டும் போட்டோ அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் காப்பிக்கு எழும்வரை காத்திருந்தார்.

"இதோட நிறுத்திக்கம்மா. அடுத்த பந்தயத்துக்கு நீ வர வேணாம்."

"வந்தாலும் வெட்ட ஒண்ணும் இல்ல டீச்சர். வீட்ல இருந்த பழசு எல்லாம் தீந்துபோச்சு."

"எல்லாமுமா?" டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நீ அந்த வீட்ல எத்தன வருஷமா இருக்கே?"

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சத்தம் இல்லை. திங்கள், செவ்வாயும் இல்லை. மேஜை துடைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது காப்பியில் ஆடை படிந்தது. டீச்சர் கேட்டது சரிதான், வீட்டில் இன்னும் தீராத பழசு ஒன்று இருந்தது. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். குளித்து, தலையைத் துவட்டி, நல்லதாக ஒரு உடை உடுத்திக்கொண்டாள். ஜன்னல் அறையில் பகல் வெளிச்சம் மேஜை முழுக்க விழுந்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்துப் பிடி இடது பக்கம் வருகிற மாதிரி திருப்பி வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேஜைக்கு முதுகைக் காட்டி அசையாமல் உட்கார்ந்துகொண்டாள்.