கரிச்சானைத் துரத்திய கதை

மைதிலிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், பாத்திரத்தைப் போட்டு உருட்டமாட்டாள். பேசாமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிற குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவளுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கேட்டுவிட்டுப் போகட்டும். அந்தப் பழைய பெட்டிக்குள் ஓர் ஊரே இருக்கிறது என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஊரின் பெயர் ஏழு கரடு. கரடு என்றால் சின்னப் பாறைக்குன்று. அது ஒரு விளையாட்டு. படம் கிடையாது, பாட்டு கிடையாது, எல்லாமே எழுத்து. ‘நீ ஒரு கரட்டின் அடியில் நிற்கிறாய். கிழக்கே பாழடைந்த மண்டபம்’ என்று திரையில் வரும். ‘கிழக்கே போ’ என்று தட்டினால் மண்டபத்துக்குள் போய்விடலாம். அங்கே வேறொருவர் நிற்பார். அவரும் எங்கோ போனைக் கையில் வைத்துக்கொண்டு தட்டுகிற ஆள்தான். அவரோடு பேசலாம், சண்டை போடலாம், கூட்டுச் சேர்ந்து, கரட்டுக்கு ஒன்றாக ஒளிந்திருக்கும் ஏழு சாவிகளைத் தேடிப் புதையல் எடுக்கலாம். லோடுக்குக் காத்திருக்கும் லாரி டிரைவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், தறிக்காரர்கள் என்று நாற்பது பேர் விளையாடினார்கள். அத்தனை பேரும் மைதிலி வீட்டு முன்னறையில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு பெட்டியை நம்பித்தான் வந்துபோனார்கள். எழுதியவள் அவள், நடத்துகிறவள் அவள், தகராறு வந்தால் பஞ்சாயத்துக்கும் அவள்தான்.

அப்படித்தான் ஒரு தகராறு வந்தது. கரிச்சான் என்ற பெயரில் ஒருவன் புதிதாக நுழைந்து, ஒரே மாதத்தில் ஐந்து கரட்டுச் சாவிகளை எடுத்துவிட்டான். மற்றவர்கள் வருசக்கணக்கில் தேடியும் மூன்றைத் தாண்டவில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

“அக்கா, அது மனுசனே இல்லீங்க. பத்து வரி வந்து விழுந்தா நாம படிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் அடுத்த கரட்டுல நிக்கறான். எவனோ மெஷினை விட்டு ஆட வெச்சிட்டு ஹாயாத் தூங்கறானுங்க” என்று மோகனூர் லாரி டிரைவர் குழந்தைவேல் போனில் புலம்பினான். மெஷினை வெளியே அனுப்பாவிட்டால் தானும் தன் கூட்டாளிகளும் போய்விடுவோம் என்றான்.

மைதிலி அவசரப்படவில்லை. கரிச்சான் தட்டிய ஒவ்வொரு வரியும் எந்த நொடியில் வந்தது என்று பட்டியல் எடுத்துக் கணவன் ஜீவானந்தத்திடம் காட்டினாள். ஜீவானந்தம் துணி விசயத்தில் பெரிய கெட்டிக்காரன். கைத்தறி என்று சொல்லி விசைத்தறிச் சேலையைத் தலையில் கட்டப் பார்க்கிறவர்களை, ஒரு முழம் விரித்துப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிடுவான். பட்டியலையும் அதே கண்ணோடு பார்த்தான். இரண்டு நொடி, இரண்டு நொடி, இரண்டு நொடி என்று வரிசையாகப் போயிற்று.

“கையில நெஞ்சதுன்னா எங்கியாச்சும் ஒரு எழை தளந்திருக்கும், ஒண்ணு இறுகியிருக்கும். இது ஒரே சீரா இருக்குது பாரு. பவர்லூம்தான், சந்தேகமே இல்ல” என்றான்.

அவ்வளவுதான், தீர்ப்பாகிவிட்டது. ‘கரிச்சான் மனுசர் இல்லை, மெஷின். வெளியேற்றிவிட்டேன்’ என்று நாற்பது பேரும் பார்க்க, உள்ளே நுழையாமலே யாரும் படிக்கக்கூடிய வாசல் பலகையில் எழுதிப் போட்டாள். மறுபடி வேறு பெயரில் வந்துவிடக் கூடாதே என்று வாசலில் ஒரு காவலும் வைத்தாள். உள்ளே வருகிறவர்களுக்கு ஓர் எண் காட்டப்படும், அதுவும் நட்சத்திரக் குறிகளை அடுக்கிக் கோலம் போட்ட மாதிரி. பார்த்துத் தட்டினால்தான் கதவு திறக்கும். மெஷினுக்கு எழுத்து புரியும், கோலம் புரியாது. சும்மா சொல்லக்கூடாது, தன் புத்திசாலித்தனத்தை நினைத்து மைதிலிக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, கையில் மடக்குகிற வெள்ளைக் குச்சி.

“மைதிலி மேடம் வீடு இதுதானே?”

“ஆமாங்க. நீங்க யாருங்க?”

“நான்தான் அந்த மெஷின்.”

மைதிலி அவரை உள்ளே அழைத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் பெயர் சந்திரசேகர். கெங்கவல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியார். “போன் பண்ணியிருப்பேன். அதுவும் ரெக்கார்டு பண்ண குரல்னு நீங்க சொல்லிட்டா என்ன பண்றது? அதான் நாலு பஸ் மாறி நேர்லயே வந்துட்டேன்” என்றார். நாற்காலியில் உட்கார்ந்ததும் போனை எடுத்து மேசைமேல் வைத்து, ஏழு கரட்டின் வாசலைத் திறந்தார். திரையில் வந்ததையெல்லாம் போன் படித்துச் சொல்ல ஆரம்பித்தது. தமிழா, தெலுங்கா என்று மைதிலிக்குப் பிடிபடவில்லை, அவ்வளவு வேகம்.

“எனக்கு இது சாதாரண வேகம். முதல் ரெண்டு வார்த்தை காதுல விழுந்தாலே எந்த இடம்னு தெரிஞ்சிடும். ஏழு கரடும் எனக்கு மனப்பாடம். தெரிஞ்ச வழியில போறப்ப கண்ணு இருக்கறவங்கதான் நின்னு பராக்கு பாப்பாங்க. எனக்கு என்ன பராக்கு? நேரா போவேன், வருவேன்.”

பிறகு நட்சத்திரக் கோலம் வந்தது. போன் “ஸ்டார் ஸ்டார் ஸ்டார் ஸ்டார்” என்று நிறுத்தாமல் அடுக்கிக்கொண்டே போனது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மைதிலிக்குத்தான் உட்கார முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜீவானந்தம் தறிக்கொட்டகை வாசலிலேயே நின்று, “இந்தக் கண்ணை நம்பி மோசம் போயிட்டனுங்க சார்” என்றான்.

மைதிலி சமையலறைக்குப் போய்க் காபி கலக்கிக்கொண்டு வந்தாள். சந்திரசேகர் ஒரு வாய் குடித்துவிட்டு, “சக்கரை கம்மி” என்றார். போட்டுக் கொடுத்தாள்.

“இப்பவே எழுதிப் போட்டர்றனுங்க சார். உங்களுக்குக் கண்ணு தெரியாது, போன்தான் படிச்சுச் சொல்லுதுன்னு வெவரமாச் சொல்லிட்டா எல்லாரும் புரிஞ்சுக்குவாங்க.”

“அது மட்டும் வேணாம்.” டம்ளரைக் கீழே வைத்தார். “பள்ளிக்கூடம், பஸ்சு, கல்யாண வீடு, எங்க போனாலும் எனக்கு முன்னாடி என் கண்ணு போய் நிக்குது. ‘பாவம், இருந்தாலும் எவ்வளவு அழகா பாடம் நடத்துறாரு பாரு.’ கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு மேடம். அந்தக் கரட்டுல மட்டும்தான் நான் தப்பு பண்ணா திட்டறாங்க, ஜெயிச்சா எரிச்சல் படறாங்க. எனக்கு என் பேரு திரும்ப வேணும், அந்த நாப்பது பேரு முன்னாடியே வேணும். அதுக்காக அந்த இடத்தைக் கெடுத்துடாதீங்க.”

“அதைச் சொல்லாம எப்படிங்க சார் நம்புவாங்க?”

“அது உங்க பாடு. பேரைக் கெடுத்தது நீங்கதானே?”

நியாயமான பேச்சு. மைதிலி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மூன்று தடவை எழுதி மூன்றையும் அழித்தாள். எப்படி எழுதினாலும் ஒன்று பொய்யாக இருந்தது, இல்லையென்றால் அவர் வேண்டாம் என்றது எட்டிப் பார்த்தது. நாலாவது தடவை, நடந்ததை மட்டும் எழுதினாள்.

‘கரிச்சானை மெஷின் என்று சொன்னது முழுக்க என் தப்பு. இன்று என் வீட்டுக்கே வந்து நன்றாகத் திட்டினார். என் காபியில் சர்க்கரை கம்மி என்றார். இரண்டாவது டம்ளரும் குடித்தார். மெஷின் இதெல்லாம் செய்யாது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சந்தேகம் இருக்கிறவர்கள் என்னைக் கேளுங்கள், அவரைக் கேட்காதீர்கள்.’

வாசல் பலகையில் வந்த அதை அவர் போன் படித்துச் சொன்னது. இரண்டாவது டம்ளர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். “ரெண்டாவது டம்ளர் இன்னும் வரவே இல்லையே” என்றார். ஜீவானந்தம் உள்ளே ஓடினான்.

மைதிலி பதில் வருகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பாமல் போய்விட்டால் இந்த மனுசர் முகத்தில் எப்படி விழிப்பது? பிறகு குழந்தைவேலின் வரி வந்தது. ‘அக்கா, என் சாவியத் தட்டிட்டுப் போனது ஒரு மனுசன்னு தெரிஞ்சதும் இன்னும் ஜாஸ்தி எரியுது. அவரை உள்ள வுடுங்க. நான் பாத்துக்கறேன்.’

போன் அதையும் படித்தது. சந்திரசேகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வரச் சொல்லுங்க” என்றார், பெரிய சண்டைக்குப் போகிறவர் மாதிரி.

மைதிலி வாசலில் இருந்த நட்சத்திரக் கோலத்தை அடியோடு எடுத்தாள். கரிச்சான் உள்ளே நுழைந்தான். அடுத்த கால் மணி நேரத்துக்குள், மைதிலி இதுவரை பார்த்திராத நாலு பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவள் ‘வாங்க’ என்று எழுதுவதற்குள் அவற்றில் சில்வண்டு என்ற பெயர்க்காரி முந்திக்கொண்டாள்.

‘பத்து நாளா வெளியவே நின்னு பலகையைக் கேட்டுட்டு இருந்தோம். கதவுகிட்ட வந்தா போன் ஸ்டார் ஸ்டார்னு மட்டும்தான் சொல்லுச்சு. இங்க எங்கள மாதிரி ஆளுங்க வரலாமுங்களா?’

மைதிலி அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். ஒருவரை இல்லை, ஐந்து பேரைத் தெருவில் நிறுத்தியிருக்கிறாள், அதுவும் பெருமையோடு. பக்கத்தில் சந்திரசேகரின் விரல்கள் போனில் ஓடின.

‘எந்த மாதிரி ஆளுன்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்க’ என்று கரிச்சான் எழுதினான். ‘தெற்கே நாலு எட்டு வைங்க, ஊர்ச் சாவடி வரும். நடுவுல ஒரு பாழுங்கிணறு இருக்கு, விழுந்துடாதீங்க.’

நாலு பேரும் தெற்கே போனார்கள். சில்வண்டு நேராகப் போய்க் கிணற்றில் விழுந்தாள். “சொன்னேன்ல, காதுல வாங்கறதே இல்ல” என்று சந்திரசேகர் திட்டினார். ஏழு கரடு முழுக்க எல்லாரும் கயிறு தேடிக்கொண்டு ஓடினார்கள். அதில் முதல் ஆளாகக் குழந்தைவேல் இருந்தான்.