ஓரகத்தி போட்ட கையெழுத்து

விடிவதற்குள் நாலு பேரை மேஜையில் ஏற்றி, எக்ஸ்ரே எடுத்து இறக்கியிருந்தேன். ஈயக் கவசம் தோளை அறுத்தது. உள்ளே ஈயம் விரிசல் விட்டுப்போன கவசம் அது. போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். குழந்தைகள் அசைந்தால் நானே பிடித்துக்கொள்வேன், இன்னொருவர் பட்டனை அழுத்துவார். பதினோரு வருடமாக இதே பிழைப்பு.

எதிர் அறையில் என் ஓரகத்தி ஏசிக் காற்றில் உட்கார்ந்து வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தாள். அதில் கதிர்வீச்சு கிடையாது. போன வருடம் வரை என்னோடு நின்றவள்தான். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? எனக்கு இரண்டு கர்ப்பம் கலைந்தது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டில் மாமியாரின் மெச்சுதலும் அவளுக்கு, இங்கே குளிர்ந்த அறையும் அவளுக்கு.

என் ரத்தத்தில் குரோமோசோம்கள் உடைந்து, தாறுமாறாக ஒட்டியிருக்கின்றன என்று வெளி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். "கலைஞ்சது இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா அந்த ரூமை விட்டு வந்துடுங்க."

வேறு வேலை கேட்டு அந்தத் தாளோடு ஸ்கேன் சென்டர் முதலாளி முன் நின்றேன். அவர் அதை ஒரு விரலால் தள்ளினார்.

"கதிரை அளக்கத்தானே பேட்ஜ் குடுத்திருக்கோம்? ஒரு தடவைகூட அளவு தாண்டலையே."

அளவு ஏறினால் வேலை போய்விடும் என்று பயந்து, பேட்ஜை லாக்கரில் தொங்கவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போவோம். தன் கையே தன் கண்ணைக் குத்திய கதை.

"பேட்ஜ் லாக்கர்லதான் சார் இருக்கும்." வாசலில் ஓரகத்தி நின்றாள். "ஏறுச்சுன்னா வீட்டுக்குப் போகணும்னு உங்க மேனேஜர்தான் மிரட்டினாரு."

"நீ ஏம்மா நடுவுல வர்ற? உனக்குத்தான் நல்ல ரூம் குடுத்தாச்சே."

"எங்க அக்காவுக்குக் குடுக்கலையே. நானும் எட்டு வருஷம் அங்க நின்னவதான். என் ரத்தத்தையும் பாருங்க."

அவளுக்குப் பின்னால் மற்ற நாலு டெக்னீஷியன்களும் வந்து நின்றார்கள். சி.டி. அறை அண்ணன் சொன்னார்: "ஆறு பேருக்கும் டெஸ்ட் எடுங்க சார். புதுக் கவசம் வர்ற வரைக்கும் யாரும் உள்ள போக மாட்டோம்."

"எல்லாரையும் வெளிய அனுப்பிட்டா?" என்றார் முதலாளி.

"அப்ப பட்டனை நீங்கதான் சார் அழுத்தணும்" என்றார் அண்ணன்.

முதலாளி எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. வராந்தாவில் கோரிக்கையை எழுதினோம். இனி அவளுக்கு ஸ்கேன் அறை நிலைக்குமா, தெரியாது. அப்போதும் எனக்கு அவள் மேல் பொறாமைதான். அந்த பேட்ஜ் உண்மையை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

"போடுக்கா" என்று பேனாவை நீட்டினாள். அவள் கையெழுத்து இரண்டாவது வரியில் இருந்தது. முதல் வரியை எனக்கு விட்டிருந்தாள்.