அடைத்து வைத்த அடுப்பு

மே பிறந்தும் வடக்குச் சரிவில் பனி கிடந்தது. உருளைக்கிழங்கு ஆலையில் இரவு வேலை முடித்து வந்தவன், தூங்காமல் கூரையில் ஏறினேன். புகைபோக்கி சரியாக இருந்தால் இன்னொரு குளிர்காலம் இதே வீட்டில். இல்லையென்றால் என் மனைவி லோரெட் போய்விடுவாள். மார்ச்சிலேயே சொல்லிவிட்டாள்.

"இந்தப் புகையில இன்னொரு வருஷம் என்னால முடியாது. நீயே பாத்துச் சொல்லு. சரியில்லன்னா லூயிஸ்டன்ல அக்காகிட்டப் போறேன்."

கீழே அவள் தம்பி ஒமேர் அடுப்புக் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி முற்றத்தில் தட்டினான். கருஞ்செதில்கள் கொட்டின.

"மச்சான், உன் மண்டைக்குள்ள இருக்கறதவிட இதுக்குள்ள அதிகமா இருக்கு."

"வாய மூடிட்டுத் தட்டு."

கம்பி பிரஷ்ஷைக் கழியில் மாட்டி, கழியோடு கழி இணைத்துப் புகைபோக்கிக்குள் இறக்கினேன். நாலாவது கழியில் நின்றது. அழுத்தினால் கரகரக்கவில்லை, வழுக்கியது. இறுகிப்போன தார். அதை எந்த பிரஷ்ஷும் எடுக்காது.

எப்படி வந்தது என்று தெரியும். வேலைக்குக் கிளம்பும்போது அடுப்பு நிறைய விறகைத் திணித்து, காற்றுவழியை முக்கால்வாசி மூடிவிட்டுப் போவேன். காலைவரை புகைந்து கிடக்கும். அந்தப் புகைதான் தாராகப் படியும். இங்கே எல்லோரும் செய்வதுதான். அதற்குப் பரிகாரமாகச் சனிக்கிழமைதோறும் ஒரு வாளி காய்ந்த கிழங்குத் தோலை எரிப்போம். தார் போய்விடும் என்பார்கள். நானும் நம்பினேன். ஆலையில் தோலுக்கா பஞ்சம்.

இறங்கி, நிலவறையில் புகைபோக்கியின் அடியில் கரி அள்ளும் கதவைத் திறந்து, கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்தேன். சாம்பல் நிறத்தில் பொரிபோல் உப்பிய கரி. அதன் பின்னால் புகைபோக்கியின் உட்சுவரான சுட்டமண் ஓடு நெடுக்கப் பிளந்திருந்தது, விரல் நுழையும் அகலத்தில். உள்ளே ஏற்கெனவே ஒருமுறை தீப்பிடித்திருக்கிறது.

ஒமேர் குனிந்து பார்த்தான். "வீடு நின்னதே பெருசு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "லோரெட் அக்காகிட்ட சுத்தமாயிடுச்சுன்னு சொல்லிடு மச்சான். ஓடு யார் கண்ணுக்குத் தெரியப்போகுது? கோடையில ஏதாவது பண்ணிக்கலாம்."

"என்ன பண்ணுவோம்?"

உள்ளே முழு நீளத்துக்கு எஃகுக் குழாய் இறக்க வேண்டும். அந்தச் செலவு எங்களால் ஆகாது.

லோரெட் படிக்கட்டின் மேலே வந்து நின்றாள். "என்ன?"

சுத்தம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பிளந்திருக்கு," என்றேன்.

"தெரியும். பிப்ரவரியில, பெரும்பனி கொட்டுன ராத்திரி, புகைபோக்கி ரயில் போற மாதிரி இரைஞ்சுது. அடுப்போட காத்துவழி எல்லாத்தையும் அடைச்சிட்டு, கோட்ட மாட்டிக்கிட்டு கார்ல உக்காந்திருந்தேன். காலைல உன்கிட்ட சொன்னேன்."

"எப்போ?"

"பூட்ஸ் கழட்டிட்டிருந்த. காத்தா இருக்கும், தூங்க விடுன்ன."

எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

"தெரிஞ்சுமா அப்புறமும் எரிச்ச?" என்றான் ஒமேர்.

"குளிருச்சேடா," என்றாள்.

உள்ளே போய் அக்காவுக்குப் போன் செய்தாள். அறை எவ்வளவு பெரியது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று விசாரிப்பது கேட்டது. அழுகை எதுவும் இல்லை.

குழாயைத் திரும்ப மாட்டட்டுமா என்று ஒமேர் கேட்டான். வேண்டாம் என்றேன். குழாய் நுழைந்த சுவர் ஓட்டையைத் தகர மூடியால் அடைத்தோம். அடுத்த குளிருக்கென்று பிளந்து அடுக்கிய விறகு கொட்டகை நிறைய இருந்தது.

"அத எடுத்துக்கோ," என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

மறுப்பான் என்று நினைத்தேன். வண்டி எடுத்துவரப் போனான்.