ஒரு ஆளுக்குச் செட் பண்ண பெல்ட்டு

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி. எதுல சத்தம் வந்தாலும் கழட்டிப் பார்த்தே ஆகணும். மிக்சி போச்சு, ஃபேன் போச்சு. அடுத்தது பைக்.

அது சாதாரண பைக் இல்லையாம். செயினுக்குப் பதிலா பல்லு வெச்ச ரப்பர் பெல்ட்டுதான் பின்சக்கரத்தைச் சுத்துது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு வாய் தண்ணி குடிக்க விடாம கீழே இழுத்துட்டுப் போய் அந்தப் பெல்ட்டைக் காட்டுவார். அன்னைக்கு அதுல லேசா கிறீச்சுனு ஒரு சத்தம். "லூசாயிடுச்சு, டைட் வைக்கணும்"னார். மெக்கானிக்கிட்ட விடுங்கன்னேன். "இதுக்குப் போய் மெக்கானிக்கா?"ன்னு முறைச்சார்.

மறுநாள் காலையில எனக்கு இன்டர்வியூ. கல்யாணத்துக்கு முன்னாடி மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் பொருத்திக்கிட்டிருந்தவ நான். பொண்ணு பிறந்ததும் விட்ட வேலை, இப்பத்தான் ஒரு கடையில கூப்பிட்டிருக்காங்க. விட்டா இன்னொரு தடவை கூப்பிட மாட்டாங்க. அந்தப் பக்கம் பஸ்சும் கிடையாது. இவர்தான் கொண்டுபோய் விடணும்.

சாயங்காலம் வண்டியை ஸ்டாண்டுல தூக்கி நிறுத்தி, போன்ல வீடியோவைப் போட்டுட்டு உட்கார்ந்தார். டார்ச் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு. வீடியோக்காரர், "ஓட்டுறவரை மேலே உட்கார வெச்சுட்டு அளந்து பாருங்க"ன்னு ஆரம்பிச்சார். இவர் விரலால ஒரே தள்ளு, வீடியோ முன்னாடி ஓடிடுச்சு. "இவனுங்க பேசிட்டே இருப்பானுங்க."

"அவர் சொல்றது சரிங்க. ஆள் உட்கார்ந்தா பின்பக்கம் அமுங்கும், பெல்ட்டு இன்னும் இறுகும்ல? கண்ணாடியக் கூட மூஞ்சியில போட்டுப் பார்த்துத்தான் அளவெடுப்போம். மேஜையில வெச்சு எடுத்தா மேஜைக்குத்தான் சரியா இருக்கும். நான் ஏறி உட்காரட்டுமா?"

"நீயா? பெல்ட்டு அறுந்துடும். டார்ச்சை ஒழுங்கா பிடி."

அவர் தொப்பை ஸ்பேனரையே மறைக்குது, பேச்சு என் எடையைப் பத்தி!

சக்கரத்து நட்டை லூஸ் பண்ணி வலது பக்கம் திருகினார், இடது பக்கம் திருகினார். அளவு, கிளவு ஒண்ணும் கிடையாது. கட்டைவிரலால பெல்ட்டை அமுக்கி, "விரலே சொல்லுது பாரு"ன்னார். அந்த விரல் பேச்சைக் கேட்டுத்தான் மிக்சியும் போச்சு. அப்புறம் தனியா தெருவுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தார். சத்தம் இல்ல. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல அவருக்கு அவரே பாராட்டு விழா நடத்திக்கிட்டார்.

காலையில நான் பின்னாடி ஏறி உட்கார்ந்தேன். கேட்டைத் தாண்டல, வண்டி ஊஊன்னு ஊளையிட ஆரம்பிச்சுது. தெருமுனை வர்றதுக்குள்ள நாலு வீட்டு ஜன்னல் திறந்துடுச்சு. இவர் ஓரமா நிறுத்திட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேனே, உன் வெயிட்டு. நேத்து நான் தனியா போனப்ப சத்தம் வந்துச்சா? ஒரு ஆளுக்குக் கரெக்டா செட் பண்ணியிருக்கேன்."

"இப்ப நான் எப்படிப் போறது?"

"இன்னொரு நாள் போயேன். வேலை எங்கயாவது ஓடியா போயிடப்போகுது?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ! இவ்வளவு வருஷம் காத்திருந்தது இவர் கட்டைவிரலுக்காகவா?

"ஒரு ஆள்னா சத்தம் வராது, இல்லையா?"

"வரவே வராது. நான் கேரண்டி."

"அப்ப இறங்குங்க."

சத்தம் எங்கேன்னு பார்க்கப்போறேன்னு நினைச்சாரோ என்னவோ, இறங்கிட்டார். நான் முன்னாடி நகர்ந்து ஹேண்டிலைப் பிடிச்சேன். லைசென்ஸ் எடுத்து வருஷக்கணக்காச்சு, இந்த வண்டியைத்தான் அவர் தொட விட்டதில்ல. "ஏய்... ஏய், பெல்ட்டு!"ன்னு பின்னாடியே ஓடி வந்தார். மனுஷன் கத்தினது பெல்ட்டுக்காகத்தான். கடை வரைக்கும் வண்டி மூச்சு விடல.

மத்தியானம் போன் பண்ணினேன். வேலை கிடைச்சுடுச்சுன்னு சொல்ல நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, "சத்தம் வந்துச்சா?"ன்னார்.

"வரலைங்க."

"பார்த்தியா! இதுதான் என் கை!"

"ஆமாங்க. தயவுசெஞ்சு இனிமே அதைத் தொடாதீங்க. நாளையிலேருந்து தினமும் நான்தான் இதுல வேலைக்கு வரணும்."